"இரண்டாவது கறுப்பினப் பெண்": டிராசெட் ஜாக்சனின் கணிதமும் அதற்கு முந்தைய வரலாறும்

2003ஆம் ஆண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் பணியில் சேர்ந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த டிராசெட் ஜாக்சனுக்கு ஸ்லோன் ஆய்வு நல்கை கிடைத்தது. ஆய்வுப் பணியைத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் இருக்கும் இளம் அறிவியலாளர்களுக்கு வட அமெரிக்காவில் தரப்படும் பெருமைக்குரிய நல்கை அது. அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: கணிதத்தில் இந்த நல்கையைப் பெற்ற இரண்டாவது ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்.

ஸ்லோன் நல்கை தொடங்கப்பட்டது 1955இல். 1955இலிருந்து 2003 வரை 48 ஆண்டுகள். கணிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒவ்வோர் ஆண்டும் பல பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பேரில் கறுப்பினப் பெண்கள் இரண்டே பேர். இந்த வரியைப் பாராட்டாக எழுதுகிறவர்கள் உண்டு. நாம் இதைக் குற்றப்பத்திரிகையாகவே படிக்கிறோம். "எங்கள் சேரியில் முதல் பட்டதாரி", "அந்தத் துறையில் முதல் தலித் பேராசிரியர்" என்று சுவரொட்டி அடித்துப் பழகியவர்கள் நாம். அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் அந்த "முதல்" என்ற சொல்லுக்குப் பின்னால் யார் எத்தனை காலம் கதவை அடைத்து வைத்திருந்தார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போடாமல் ஜாக்சனின் கதையைச் சொன்னால் அது வெறும் தன்னம்பிக்கைக் கட்டுரையாகிவிடும்.

உயிரினங்களின் உடலுக்குள் நடப்பதைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்ப்பது ஜாக்சனின் துறை. குறிப்பாகப் புற்றுநோய்க் கட்டி எப்படி வளர்கிறது, மருந்து அதற்குள் எப்படிப் போகிறது என்பதைக் கணிதத்தால் ஆராய்கிறார். அவருடைய கணிதத்துக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் எல்பர்ட் காக்ஸ். ஆண்டு 1925, கார்னெல் பல்கலைக்கழகம். கறுப்பினப் பெண் ஒருவர் அந்தப் பட்டத்தைப் பெற மேலும் 18 ஆண்டுகள் ஆயின. 1943இல் பட்டம் பெற்ற அந்த யூஃபீமியா ஹேன்ஸ் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர் அவர். பின்னர் அந்நகரக் கல்விக் குழுவின் தலைவரானபோது, குழந்தைகளைச் சிறுவயதிலேயே தரம் பிரித்துத் தனித்தனிப் பாதைகளில் தள்ளிவிடும் முறையை எதிர்த்து நின்றார். கறுப்பினக் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும் கைத்தொழில் பாதைக்கே போய்ச் சேர்ந்தார்கள். 1967இல் நீதிமன்றம் அந்த முறை செல்லாது என்றது. குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த மண்ணில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தவர் மார்ஜரி லீ பிரவுன். ஜாக்சன் பின்னாளில் பேராசிரியராகச் சேர்ந்த அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில்தான் 1949இல் இவர் முனைவர் பட்டத்துக்கான ஆய்வை முடித்தார். டெக்சாஸில் ஒரு கறுப்பினக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, கோடை விடுமுறைகளில் மிச்சிகனுக்குப் போய்ப் படித்தவர். பட்டம் கொடுத்த நாடு வேலை கொடுக்கவில்லை. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் அவருக்கு இடமில்லை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் இருந்த கறுப்பினக் கல்லூரியில் 30 ஆண்டுகள் பணிபுரிந்தார். வாரத்துக்கு அவ்வளவு வகுப்புகள் எடுத்துக்கொண்டு ஆய்வு எப்படிச் செய்வது? ஆனால் 1960இல் ஐபிஎம் நிறுவனத்திடமிருந்து 60,000 டாலர் நிதி வாங்கி அந்தச் சின்னக் கல்லூரியில் கணினி மையம் அமைத்தார். பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். திறமையுள்ள ஏழை மாணவர்களுக்குத் தன் கைப்பணத்தைச் செலவு செய்தார். "அவர் பெரிதாக ஆய்வுக் கட்டுரை எதுவும் எழுதவில்லையே" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆய்வு செய்ய நேரமும் இடமும் சக ஆய்வாளர்களும் வேண்டும். அவை எதுவும் தராமல் வைத்துவிட்டு "தகுதி எங்கே" என்று கேட்பது பழைய தந்திரம்.

டேவிட் பிளாக்வெல்லின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ரயில்வே தொழிலாளியின் மகன். 16 வயதில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 22 வயதில் முனைவரானார். 1941இல் பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்துக்குத் தேர்வானார். ஐன்ஸ்டைன் இருந்த நிறுவனம் அது. அங்கு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் கௌரவ உறுப்பினர் தகுதி தருவது வழக்கம். கறுப்பினத்தவர் என்றதும் பல்கலைக்கழகத் தலைமை ஆட்சேபித்தது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவரை எடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. நிறத்தைக் காரணம் வைத்தே அதுவும் நின்றுபோனது. துறைத்தலைவரின் மனைவி, துறையினரை விருந்துக்கு அழைக்கும் தன் வீட்டுக்குள் ஒரு கறுப்பினத்தவர் வருவதா என்று எதிர்த்தார் என்பது பின்னால் வெளிவந்த செய்தி. சாப்பாட்டு மேசையும் பணி நியமனமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன பாருங்கள். சாதியை ஆராயும் சமூகவியல் மாணவருக்குப் பந்தி பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பிளாக்வெல்லோ வெள்ளையர் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினார். பத்தாண்டுகள் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த பிறகு, 1954இல் அதே பெர்க்லி அவரை அழைத்தது. 1965இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம் என்றால், ஜாக்சன் பிறந்தபோது இந்த வரலாறு முடிந்துபோன பழங்கதையாக இல்லை. அவர் பிறந்தது 1972இல். மும்பையில் தலித் பேந்தர்ஸ் இயக்கம், அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துப் பெயர் சூட்டிக்கொண்டு தொடங்கிய அதே ஆண்டு. அதற்கும் முன்பே, 1946இல், அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு அளிக்கும் மனுவின் படியைக் கேட்டிருந்தார். இரண்டு சமூகங்களும் ஒன்றையொன்று உற்றுப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. நாம் இப்போது ஒரு கணித அறிஞரின் வாழ்க்கையைப் பார்ப்பதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

ஜாக்சனின் தந்தை ராணுவத்தில் பணிபுரிந்தவர். குடும்பம் ஊர் ஊராக மாறியது. பிள்ளைகளும் பள்ளி மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அரிசோனா மாநிலத்தின் மெசா நகருக்கு வந்து, அங்குள்ள ஒரு பெரிய அரசுப் பள்ளியில் உயர்நிலைக் கல்வி. இங்கேதான் அவர் வாழ்க்கையில் ஹோகீன் புஸ்டோஸ் வருகிறார்.

புஸ்டோஸ் மெக்சிகோ வழி அமெரிக்கர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர். தன் வகுப்பறையைப் பார்க்கிறார்: மாநிலம் முழுக்க மெக்சிகோ வழியினரும் பழங்குடியினரும் நிறைந்திருக்கிறார்கள், கணித வகுப்பில் மட்டும் அவர்கள் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு அவர்களைத் தேடிப் பயனில்லை, பள்ளியிலேயே தேட வேண்டும் என்று முடிவெடுத்து, 1985இல் ஒரு கோடைக்கால வகுப்பைத் தொடங்கினார். பள்ளி மாணவர்களைப் பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கவைத்து, பல்கலைக்கழகக் கணிதப் பாடத்தையே நடத்துவது. கட்டணம் கிடையாது. தேர்ச்சி பெற்றால் அந்த மதிப்பெண் பின்னால் பட்டப்படிப்பிலும் கணக்கில் சேரும். கணிதத்தில் ஆளில்லாத சமூகங்களைச் சேர்ந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வகுப்பு.

இந்த வடிவத்தை நாம் கவனிக்க வேண்டும். நம் பகுதிகளில் மாலைநேர வகுப்பு நடத்தும் தோழர்களுக்காகவே இதைச் சொல்கிறோம். புஸ்டோஸ் நடத்தியது தோற்றுப்போன பிள்ளைகளைத் தேர்ச்சி பெறவைக்கும் வகுப்பு அன்று. அப்படிப்பட்ட வகுப்புகளும் தேவைதான், நாங்களும் நடத்துகிறோம். ஆனால் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை என்றாலே "எப்படியாவது பாஸ் பண்ணவைத்தால் போதும்" என்ற மனநிலை, நம்மை நேசிக்கும் ஆசிரியர்களிடமும் இருக்கிறது. களப்பணியில் நாம் பார்த்த எத்தனை பிள்ளைகளிடம், கணக்கில் தொண்ணூறு வாங்கியிருந்தும், "உனக்கெதற்குக் கணக்கு குரூப், சீக்கிரம் வேலை கிடைக்கிற மாதிரி எதையாவது எடு" என்று அக்கறையோடு சொல்லியிருக்கிறார்கள்! புஸ்டோஸ் பாடத்தின் கடினத்தைக் குறைக்கவில்லை. செலவையும் தனிமையையும் குறைத்தார். வகுப்பில் தன்னைப் போன்றவர் தான் ஒருவர் மட்டுமே என்ற நிலை அந்தக் கோடையில் மட்டும் இல்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, விடுதி அறையில் சாதிப் பெயர் கேட்கப்பட்ட எவருக்கும் தெரியும்.

மெசா பள்ளியில் படித்த ஜாக்சன் அந்த வகுப்புக்குப் போனார். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேர்ந்தார். முதலில் எடுத்தது பொறியியல். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் பொறியியல் என்ற எண்ணம் அங்கேயும் இருந்திருக்கிறது போலும். புஸ்டோஸ் சொல்லி, கணிதத்துக்கு மாறினார். 1994இல் பட்டம் பெற்றார்.

அந்த ஆண்டுகளில் ஒரு நாள், சிறுத்தைக்குப் புள்ளிகள் எப்படி வந்தன என்பதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு நடந்தது. பேசியவர் ஜேம்ஸ் முர்ரே, கணித உயிரியலின் முன்னோடிகளில் ஒருவர். தலைப்பைப் பார்த்து உள்ளே போன ஜாக்சனின் திசை அன்று மாறியது.

சிறுத்தையின் புள்ளிக்கும் கணிதத்துக்கும் என்ன தொடர்பு? 1952இல் ஆலன் டூரிங் ஒரு கட்டுரை எழுதினார். கருவில் இரண்டு வேதிப்பொருள்கள் இருப்பதாக வையுங்கள். ஒன்று உற்பத்தியைத் தூண்டுகிறது, மற்றொன்று தடுக்கிறது. இரண்டும் தோலில் பரவுகின்றன, ஆனால் தடுப்பது தூண்டுவதைவிட வேகமாகப் பரவுகிறது. பரவல் என்றால் எல்லாவற்றையும் சமப்படுத்திவிடும் என்றுதான் நினைப்போம். தேநீரில் போட்ட சர்க்கரை போல. டூரிங் காட்டியது நேர் எதிரானது. வேகம் வேறுபட்டால், பரவலே சமநிலையைக் குலைத்து, இங்கே அதிகம் அங்கே குறைவு என்று ஒரு கோலத்தை உண்டாக்கும். முர்ரே இந்தச் சமன்பாடுகளை விலங்குகளின் தோலுக்குப் பொருத்தினார். தோல் பரப்பு அகலமாக இருந்தால் புள்ளிகள் வரும். வால் போலக் குறுகலாக இருந்தால் புள்ளிக்கு இடமின்றி வளையங்களாக மாறும். ஆகவே உடம்பில் புள்ளி உள்ள விலங்குக்கு வாலில் வரி இருக்கலாம். உடம்பில் வரி உள்ள விலங்குக்கு வாலில் புள்ளி வராது என்பது அந்தக் கணிதம் சொல்லும் முடிவு. அடுத்த முறை உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜாக்சன் முர்ரேயிடமே ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1998இல் முனைவர் பட்டம். அவர் எடுத்துக்கொண்ட பொருள், இரண்டு கட்டக் கீமோதெரபி.

நம் குடும்பங்களில் கீமோ எடுத்தவர்களைப் பார்த்திருப்போம். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், ஒரு வாய் சோறு இறங்காது. மருந்து புற்று அணுவை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களையும் சேர்த்துக் கொல்கிறது. இதற்கு மாற்றாக யோசித்த ஒரு வழி இப்படி. முதல் கட்டத்தில் ஒரு எதிர்ப்பொருளோடு ஒரு நொதியைக் கட்டி இரத்தத்தில் செலுத்துவார்கள். எதிர்ப்பொருள் புற்று அணுவின் மேல் உள்ள அடையாளத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். நொதியும் கூடவே அங்கு போய் உட்காரும். பிறகு இரண்டாவது கட்டத்தில், தானாகத் தீங்கு செய்யாத ஒரு முன்மருந்தைச் செலுத்துவார்கள். அந்த முன்மருந்து நொதியைச் சந்திக்கும் இடத்தில்தான் நஞ்சாக மாறும். அதாவது கட்டிக்குள் மட்டும்.

சொல்ல எளிது. சிக்கல் இடைவெளியில் இருக்கிறது. முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும்? அவசரப்பட்டால் நொதி இன்னும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். முன்மருந்து அங்கேயே நஞ்சாகி உடம்பையே தாக்கும். தாமதித்தால் கட்டியில் ஒட்டியிருந்த நொதியும் கழன்று போய்விடும். போதாததற்கு, எதிர்ப்பொருள் உருவத்தில் பெரிய மூலக்கூறு. கட்டியின் உட்பகுதிவரை எளிதில் நுழையாது. ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். எவ்வளவு அளவு, எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றாக எலியிலும் மனிதரிலும் சோதித்துப் பார்ப்பதென்றால் காலமும் உயிர்களும் போதாது.

இங்கேதான் கணிதம் வருகிறது. இரத்தத்தில் நொதி எவ்வளவு, கட்டியில் எவ்வளவு, முன்மருந்து எவ்வளவு, நஞ்சாக மாறியது எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. வருவது எவ்வளவு, போவது எவ்வளவு, மாறுவது எவ்வளவு என்பதுதான் அடிப்படை. ஏரியில் வரும் நீர், மதகில் போகும் நீர், ஆவியாகும் நீர் என்று கணக்குப் போடுவது போல. சமன்பாடுகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் தீர்ப்பது கடினம். தீர்த்தால், எந்த அளவை மாற்றினால் பலன் அதிகம், எதை மாற்றினாலும் பயனில்லை என்பது தெரியும். எந்தச் சோதனையைச் செய்வது வீண் என்று ஆய்வுக்கூடத்துக்குச் சொல்ல முடியும். ஜாக்சனின் முனைவர் ஆய்வு இதைச் செய்தது.

முனைவர் பட்டத்துக்குப் பின் மின்னசோட்டாவிலும் டியூக் பல்கலைக்கழகத்திலும் ஆய்வுப் பணி. 2000இல் மிச்சிகன். 2008இல் முழுப் பேராசிரியர்.

மிச்சிகனில் அவர் கவனம் கட்டியின் இரத்தநாளங்களுக்குத் திரும்பியது. புற்றுக் கட்டி தொடக்கத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரைதான் வளர முடியும். அதுவரை பக்கத்துத் திசுக்களிலிருந்து ஆக்சிஜன் கசிந்து வந்தால் போதும். அதற்கு மேல் வளர வேண்டுமென்றால் தனக்கென்று இரத்தநாளம் வேண்டும். 1971இல் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர் இந்தக் கருத்தை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. கட்டி சில வேதிப்பொருள்களைச் சுரந்து பக்கத்து இரத்தநாளங்களைத் தன் பக்கம் வளரவைக்கிறது என்பது பின்னர் உறுதியானது. அந்தத் தூண்டுபொருளின் பெயர் சுருக்கமாக வி.இ.ஜி.எஃப்.

ஜாக்சனின் குழு இதைப் பல மட்டங்களில் மாதிரியாக்கியது. மூலக்கூறு அணுவின் மேல் உள்ள ஏற்பியோடு சேர்வது ஒரு மட்டம். அதனால் ஓர் அணு பிழைக்கிறதா, பிரிகிறதா, நகர்கிறதா என்பது அடுத்த மட்டம். அணுக்கள் கூடி நாளமாவதும் கட்டி வளர்வதும் மூன்றாவது. கீழ்மட்டத்தில் ஒரு மருந்தால் ஒன்றைத் தடுத்தால் மேல்மட்டத்தில் என்ன ஆகும் என்று கேட்பதற்கு மூன்றையும் இணைத்த கணிதம் வேண்டும். 2007இல் அவர் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஒரு மாதிரியில், ஒவ்வோர் அணுவும் தனித்தனியாகக் கணினியில் நகர்கிறது. நாளம் கிளை பிரிய வேண்டும், கிளைகள் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்று யாரும் முன்கூட்டிக் கட்டளை எழுதிவைக்காமலேயே, அணுக்களின் நடத்தை விதிகளிலிருந்து கிளைகள் உருவாகின்றன, சேர்கின்றன.

சமூகவியல் படித்த நமக்கு இந்த இடம் பிடித்தமானது. தனியாட்களின் நடத்தையிலிருந்து அமைப்பு எப்படி உருவாகிறது, அமைப்பு தனியாட்களை எப்படி வளைக்கிறது என்பதுதானே நம் பாடமும். ஆனால் ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. அணுவுக்குச் சாதி கிடையாது.

இந்த ஆய்வுகள் தனியாளாகச் செய்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மிச்சிகனின் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார். அங்கே சோதனை, இங்கே சமன்பாடு. பல்கலைக்கழகத்தில் கணித உயிரியல் ஆய்வுக் குழு ஒன்றையும் இணைந்து நிறுவினார்.

இப்போது அந்த 2003க்குத் திரும்புவோம். ஜாக்சன் ஸ்லோன் நல்கை பெற்ற அதே ஆண்டு ஜூன் மாதம், அதே மிச்சிகன் பல்கலைக்கழகம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது. இடமளிக்கும்போது இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்பது வழக்கு. பட்டப்படிப்புச் சேர்க்கைக்கு 150 புள்ளிகள் கொண்ட ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள். 100 வந்தால் இடம் உறுதி. புறக்கணிக்கப்பட்ட சிறுபான்மை இனத்தவருக்கு 20 புள்ளிகள். அந்த 20 புள்ளிதான் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று வழக்கு வந்தது. நீதிமன்றமும் அப்படியே சொன்னது. சட்டக் கல்லூரி தொடர்பான இரண்டாவது வழக்கில் மட்டும், இனத்தைப் பல காரணிகளுள் ஒன்றாகப் பார்க்கலாம் என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு.

அந்த அட்டவணையில் வேறு என்னென்ன இருந்தன தெரியுமா? விளையாட்டு வீரராகத் தேர்வானவருக்கு 20 புள்ளிகள். பல்கலைக்கழக உயர் நிர்வாகியின் விருப்புரிமைக்கு 20 புள்ளிகள். பெற்றோர் அங்கே படித்தவர்கள் என்றால் 4 புள்ளிகள். அந்த வழக்கு இவற்றை எதிர்த்துத் தொடுக்கப்படவில்லை. தாத்தா காலத்திலிருந்து படித்த குடும்பத்துக்குக் கிடைப்பது சலுகையாகத் தெரிவதே இல்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தவரே நம்மைப் பார்த்து "கோட்டாவா?" என்று கேட்கும் நாட்டில் வாழ்கிறோம் என்பதால், இது நமக்குப் புதிதாகத் தோன்றாது.

2006இல் மிச்சிகன் மாநிலத்தில் பொது வாக்கெடுப்பு. அரசுப் பல்கலைக்கழகங்கள் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 58 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. விளைவை, பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகமே உச்ச நீதிமன்றத்தில் எழுத்து மூலம் சொன்னது: 2006இல் பட்டப்படிப்பு மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 7 விழுக்காடு, 2021இல் 4 விழுக்காட்டுக்கும் கீழே. அதே காலத்தில் மாநிலத்தில் கல்லூரி வயதுடைய இளைஞர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 16இலிருந்து 19 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இனத்தைப் பார்க்காமல் பன்மைத்துவத்தைக் கொண்டுவர எத்தனையோ வழிகளில் பணம் செலவழித்துப் பார்த்தும் முடியவில்லை என்றும் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. 2023இல் நாடு முழுவதற்கும் அதே தடையை உச்ச நீதிமன்றம் விதித்தது.

ஆக, ஜாக்சன் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான், அவருக்குப் பின்னால் வர வேண்டியவர்களின் வரிசை சுருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய படத்தைக் காட்டி "பாருங்கள், திறமை இருந்தால் வரலாமே" என்று சொல்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: வந்த ஒருவரைக் காட்டுகிறீர்கள், வராமல் போனவர்களின் பட்டியல் எங்கே இருக்கிறது? ஜாக்சன் இந்த வாதத்துக்குத் தன்னைக் கொடுத்தவர் அல்ல. கணிதத்தில் ஆளில்லாத சமூகங்களிலிருந்து மாணவர்களைக் கொண்டுவரும் வேலையைத் தன் ஆய்வோடு சேர்த்தே செய்துவந்தார். பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் பன்மைத்துவத்துக்கான நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார். 2025 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகம், மத்திய அரசின் அழுத்தத்துக்கு இடையே, தன் பன்மைத்துவ அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது.

புஸ்டோஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 2003இல் இறந்துபோனார். அவர் தொடங்கிய கோடைக்கால வகுப்புக்கு இப்போது அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 2002இல் பிளாக்வெல்-டாபியா பரிசு என்று ஒரு பரிசு தொடங்கப்பட்டது. மேலே சொன்ன டேவிட் பிளாக்வெல்லின் பெயரும், மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த கணித அறிஞர் ரிச்சர்டு டாபியாவின் பெயரும் தாங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தருகிறார்கள். அதற்குத் தகுதி என்னவென்றால், கணிதத்தில் சிறந்த ஆய்வு செய்திருக்க வேண்டும், அதோடு புறக்கணிக்கப்பட்ட சமூகங்களின் மாணவர்களுக்கு வழிகாட்டியாகவோ அந்தப் புறக்கணிப்பைக் குறைக்கப் பாடுபட்டவராகவோ இருக்க வேண்டும். வழக்கமாக விருதுக் குழுக்கள் இந்த இரண்டாவதைச் "சமூகசேவை" என்று கடைசிப் பத்தியில் போட்டுவிடுவார்கள். இங்கே இரண்டும் சேர்ந்துதான் தகுதி. முதல் நான்கு முறையும் ஆண்களே பெற்றார்கள். 2010 ஜூலை 8ஆம் நாள் பிளாக்வெல் தம் 91ஆம் வயதில் மறைந்தார். அந்த ஆண்டுக்கான பரிசு டிராசெட் ஜாக்சனுக்கு வழங்கப்பட்டது.